எந்தத் தீ என்று கேட்டார்கள்

பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டியிருந்தது. வென்டல் ஸ்டூபக் சமையலறை மேசைமேல் பழைய தொலைபேசிப் புத்தகம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் பெல்ட்டை வைத்து, மூன்று அங்குல ஆணி ஒன்றைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். அக்டோபருக்குப் பிறகு இது இரண்டாவது ஓட்டை. தீயணைப்புக் குழுவின் விழா உடுப்பு நாற்காலி முதுகில் தொங்கியது. கருநீலக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள். கடைசியாக அதைப் போட்டது ஒரு சவ அடக்கத்துக்கு. அதற்கு முன்னால் போட்டதும் சவ அடக்கத்துக்குத்தான். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் இருந்தது. இன்னொருவருடைய கோட்டை இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருந்தார். "சரியா இருக்கா?" என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. ஆர்லீன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. சைரன் அடித்தால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து ஓடுகிற மனிதனோடு குடும்பம் நடத்த முடியாது என்று அவள் சொன்னதில் அவருக்கு இன்றுவரை மறுப்பு கிடையாது. மகள் ஜனீன் மேற்குக் கரையில் இருக்கிறாள். மூன்று மணி நேரம் பிந்திய ஊர். அவள் வேலை முடிந்து கூப்பிடும்போது இவர் தூங்கியிருப்பார்.

ஹார்னர்ஸ்வில் தொண்டர் தீயணைப்புக் குழுவில் அவருக்கு முப்பத்தொரு வருடம். அதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. பிழைப்பு வேறு: வீடுகளைச் சூடாக்க நிலவறைகளில் இருக்கும் எண்ணெய்க் கணப்புகளைப் பழுது பார்ப்பது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகு ஊரில் மிஞ்சியது கிழடுதட்டிய வீடுகளும் கிழடுதட்டிய கணப்புகளும்தான் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. அக்டோபரில் சிறுநீரில் ரத்தம் வந்தது. மூத்திரப்பையில் புற்றுநோய் என்றார்கள். இழப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டார். மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. நோய்க்குக் காரணமான நிகழ்வின் தேதியைக் குறிப்பிடவும் என்று அதில் ஒரு வரி. எந்தத் தீ என்று கேட்கிறார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதிப் பார்த்தார். ஒன்பது நாள் எரிந்த டயர் கிடங்கு. பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை. கார்கள், சோஃபாக்கள், வைக்கோல் கொட்டகைகள். இருநூற்றுப் பன்னிரண்டு வரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

இதை எப்படியோ கேள்விப்பட்டுத்தான் அந்தத் தொகுதி செனட்டரின் உதவியாளன் கோரி அவரைக் கூப்பிட்டான். புதுச் சட்டம் ஒன்று வரப்போகிறது என்றான். தீயணைப்பவருக்குப் புற்றுநோய் வந்தால் அது தீயினால்தான் வந்தது என்று அரசே எடுத்துக்கொள்ளும். எந்தத் தீ என்று நிரூபிக்க வேண்டாம். பிப்ரவரியில் சட்டமன்றக் குழுவின் விசாரணை. "நீங்க வந்து உங்களுக்கு நடந்ததைச் சொன்னா போதும் சார். மூணே நிமிஷம்."

மாநிலத் தலைநகருக்கு இரண்டரை மணி நேரம். அவருக்கு மூன்றரை ஆனது. நான்கு இடங்களில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

சலவைக்கல் பதித்த நீண்ட நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்துநாலு முப்பத்தைந்து இருக்கும். தலையில் கம்பளிக் குல்லாய், புருவம் இருந்த இடத்தில் பென்சிலால் போட்ட கோடு. அவளும் தீயணைப்பு உடுப்பில் வந்திருந்தாள்.

"பெரியவரே, அந்தப் பொத்தானெல்லாம் நிஜப் பித்தளையா? கண்ணு கூசுது."

"நேத்து பாலிஷ் போட்டேன்."

"எனக்கு மார்புல. உங்களுக்கு?"

"மூத்திரப்பை."

"அப்போ கக்கூஸ் எங்க இருக்குன்னு முதல்லயே பார்த்து வச்சிருப்பீங்க."

"இடது கைப் பக்கம், மூணாவது கதவு."

அவள் சத்தமாகச் சிரித்தாள். கையில் கோப்போடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னதற்கு ஒருவர் சிரித்து எவ்வளவு நாள் ஆகிறது என்று வென்டல் யோசித்தார். ஊரில் இப்போது அவர் வாயைத் திறந்தாலே எல்லோரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். அவள் பெயர் மாரா கெப்னர். வடக்கு மாவட்டத்துக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பதினோரு வருடம் தொண்டர். நவம்பரில் கண்டுபிடித்தார்கள். முட்டைச் சாண்ட்விச் ஒன்றை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவரிடம் நீட்டினாள். எனக்கு ருசியே தெரியவில்லை, நீங்களாவது சாப்பிட்டு எப்படியிருக்கு என்று சொல்லுங்கள் என்றாள். "உப்பு கம்மி" என்றார். "செஞ்சது என் புருஷன். சொல்லிடறேன்." விசாரணை தொடங்க ஒரு மணி நேரம் தாமதமானது. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு வேகமாகப் போனது. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அவள் தன் எண்ணை அவர் கைபேசியில் தானே தட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

உள்ளே பதினோரு நாற்காலிகளில் ஏழில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் மேசைக்குக் கீழே கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். மாரா முதலில் பேசினாள், நன்றாகப் பேசினாள். பிறகு வென்டல். எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்தார், படிக்கவில்லை. "எந்தத் தீன்னு என்னைக் கேட்டாங்க," என்று தொடங்கினார். "இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் எழுதினேன். நாங்க சின்ன வயசுல சேர்ந்தப்போ எவன் ஹெல்மெட்டுல கரி அதிகமா இருக்கோ அவன்தான் பெரிய ஆளு. கரியைக் கழுவினா சிரிப்பாங்க. அந்தக் கோட்டைக் கழட்டாமத்தான் வீட்டுக்குப் போவோம், சாப்பிடுவோம், குழந்தையைத் தூக்குவோம். அது விஷம்னு யாரும் சொல்லலை. யாருக்கும் தெரியாது." ஓர் உறுப்பினர் புகைபிடிப்பீர்களா என்று கேட்டார். "பட்டாளத்துல மூணு வருஷம். இருபத்துமூணு வயசுல விட்டுட்டேன்." அந்த உறுப்பினர் எதையோ குறித்துக்கொண்டார். மேசை விளிம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று நிமிடம் முடிந்திருந்தது.

வெளியே வந்தபோது மாராவின் கணவன் காரை வாசலுக்கே கொண்டுவந்திருந்தான். அவள் ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "குழந்தையைத் தூக்குவோம்னு சொன்னீங்க பாருங்க, அங்க அந்தக் கைபேசிக்காரர் தலையைத் தூக்கினார்," என்றாள்.

ஏப்ரல் மாதம் திருமதி ஷாங்க் வீட்டு நிலவறையில் மண்டியிட்டுக் கணப்பின் எண்ணெய்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோரி மறுபடியும் கூப்பிட்டான். குரலில் பழைய துள்ளல் இல்லை. நகராட்சிகளின் கூட்டமைப்பு எதிர்க்கிறது என்றான். ஏற்கெனவே நோய் வந்தவர்களையும் சேர்த்தால் எத்தனை பேர் வருவார்கள் என்றே தெரியாது, சின்ன ஊர்கள் திவாலாகிவிடும் என்கிறார்கள். சட்டம் கையெழுத்தான பிறகு கண்டுபிடிக்கப்படும் நோய்க்கு மட்டும் என்று மாற்றினால் எதிர்ப்பை விட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள். வியாழக்கிழமை வாக்கெடுப்பு.

"அப்போ நான்?"

"நீங்க இதுல வர மாட்டீங்க சார். என்னை மன்னிச்சிடுங்க."

"பிறகு என்னை எதுக்குக் கூப்பிடுறே?"

"ரெண்டு உறுப்பினர் தயங்குறாங்க. அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டவங்க. அந்த மனுஷனையே விட்டுட்டு எப்படிச் சட்டம் போடுறதுன்னு கேக்குறாங்க. நீங்களே சரின்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா அவங்க ஓட்டுப் போட்டுடுவாங்க. இல்லைன்னா இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் சொல்ல முடியாது."

"எப்போ வேணும்?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கிடைச்சா..."

அவர் எண்ணெய் பட்ட கையைத் துணியில் துடைத்தார். மேலே திருமதி ஷாங்க் நடக்கும்போது பலகைத் தரை முனகியது. கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று தோன்றியது. யாரைக் கேட்பது என்று யோசித்தபோது யாரும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது குழுவில் இருக்கும் டுவேன். நாற்பத்தொரு வயது, மூன்று குழந்தைகள், கூரையில் முதலில் ஏறுகிறவன், முகமூடியை முதலில் கழற்றுகிறவன். டுவேனுக்கு இன்றைக்கு எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு நாள் அவனும் கழிப்பறையில் குனிந்து பார்த்துத் திடுக்கிடலாம். அப்போது அவனை யாரும் எந்தத் தீ என்று கேட்கக் கூடாது. வென்டல் கைபேசியை எடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நான் இதை ஆதரிக்கிறேன். பெயரையும் போட்டார். அனுப்பிய பிறகு குழாயை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். கணப்பு ஒரு தும்மல் தும்மிப் பற்றிக்கொண்டது. மேலே போனதும் திருமதி ஷாங்க் காப்பி கொடுத்தாள். கணப்பில் என்ன கோளாறு என்று கேட்டாள். குழாயில் அழுக்கு என்றார்.

மறுநாள் பல்பொருள் அங்காடி வாசலில், வண்டியில் பையை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாரா நினைவுக்கு வந்தாள். நவம்பர். அவளுக்கு நவம்பரில் கண்டுபிடித்தார்கள். வென்டல் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார். பின்னால் வந்த கார்க்காரன் இடத்துக்காகக் காத்திருந்து ஹார்ன் அடித்தான். அவர் ஏறி உட்கார்ந்து அவள் எண்ணை எடுத்தார். பார்த்தார். வாக்கெடுப்பு அடுத்த நாள். இப்போது கோரியைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் டுவேனுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. சொல்லாவிட்டால் இவளுக்கு இல்லை. எந்த எண்ணையும் அழுத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாலை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்.

ஜூனில் சட்டம் கையெழுத்தானது. ஆளுநரின் நாற்காலிக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வென்டலை முன்வரிசைக்கு இழுத்தார்கள். கூட்டத்தில் கம்பளிக் குல்லாய் எங்காவது தெரிகிறதா என்று அவர் தேடினார். தெரியவில்லை. யாரோ கையைக் குலுக்கி, உங்களுக்கு இன்று பெரிய நாள் என்றார்கள். ஆமாம் என்றார். படம் மாவட்டச் செய்தித்தாளில் வந்தது. திருமதி ஷாங்க் அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் ரெனாட்டா யூரிக் வந்தாள். தீயணைப்புக் குழுவின் செயலாளர்; பல்லாண்டு ஆம்புலன்ஸ் ஓட்டியவள்; வாய் நீளம். கையில் புது விண்ணப்பத் தாள்கள். கதவைத் தட்டாமலே உள்ளே வந்து மேசையில் இருந்த தட்டுகளை ஒதுக்கினாள்.

"இருபத்துமூணு பக்கம்யா. உனக்காக உட்கார்ந்து ரொப்பிக்கிட்டு வந்தேன். பன்னெண்டாம் பக்கத்துல ஒரு கையெழுத்து, கடைசில ஒண்ணு. அவ்வளவுதான்."

"வச்சிட்டுப் போ. பார்க்கறேன்."

"என்னத்தைப் பார்க்குறே? கையெழுத்துப் போடு, நான் போறப்பவே தபால்ல சேர்த்துடறேன்."

"ரெனாட்டா, வச்சிட்டுப் போ."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். வென்டல் எழுந்து போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். முதுகுக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம் நின்றது.

"நோய் கண்டறிந்த நாள் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பின்னதாக இருக்க வேண்டும்," என்று அவள் மெதுவாகப் படித்தாள். "ஏதோ தப்பா அச்சடிச்சிருக்கான்."

"தப்பில்லை."

"உனக்கு அக்டோபர்ல வந்தது."

"ஆமா."

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"நான்தான் சரின்னு எழுதிக் கொடுத்தேன்."

ரெனாட்டா கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். "உனக்கு மூளை கழண்டுபோச்சா? யாரைக் கேட்டு எழுதினே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? சனிக்கிழமை உனக்கு விருந்து வைக்கிறோம். டுவேன் கேக்குக்குச் சொல்லியாச்சு. ஊரே வருது. என்ன சொல்லி அவங்க முன்னால உட்காருவே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே."

"ஏன்?"

"டுவேனுக்குத் தெரிஞ்சா அவன் அந்தச் சட்டத்தைத் தொடமாட்டான். அவனை உனக்குத் தெரியும். அவனுக்கு எதுவும் வரக்கூடாது, வந்தா அவன் இந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும்."

தண்ணீர் கொதித்து ஆவி அடித்தது. அவள் எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள், காப்பி போடவில்லை. தாள்களைப் பையில் திணித்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "இன்னும் எதையோ மறைக்கிறே. மூஞ்சில எழுதியிருக்கு," என்றாள். அவர் மாராவைப் பற்றிச் சொன்னார். ரெனாட்டா கதவுக் குமிழிலிருந்து கையை எடுத்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. "போய்ச் சொல்லு," என்றாள். "தபால்ல இல்லை, போன்ல இல்லை. போய்ச் சொல்லு."

வியாழக்கிழமை வடக்கே போனார். மூன்று மணி நேர வழி, ஐந்து நிறுத்தம். மாராவின் வீடு சாலையோரமாகத் தனியாக நின்றது. அவள் வாசல் கைப்பிடிக் கிராதிக்கு வெள்ளை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். குல்லாய் இல்லை. தலையில் அரை அங்குலத்துக்குப் புது முடி, நரையும் கறுப்புமாக. அவரைப் பார்த்ததும் தூரிகையை ஆட்டினாள்.

"பித்தளைப் பொத்தான் இல்லாம உங்களை அடையாளமே தெரியலை. உள்ள வாங்க. கக்கூஸ் வலது கைப் பக்கம், முதல் கதவு."

போய்விட்டு வந்தார். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் வாயில் உருட்டிக்கொண்டு வந்த வாக்கியங்கள் எதுவும் இப்போது கைக்கு வரவில்லை. கோரி கூப்பிட்டதை, கேட்டதை, தான் எழுதியதைச் சொன்னார். அந்த நிமிடம் அவளை நினைக்கவில்லை என்றும், மறுநாள் நினைத்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்றும் சொன்னார். அவள் வண்ணம் அடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கம்பியை முடித்து அடுத்த கம்பிக்குப் போனாள். தூரிகை மட்டும் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் போய்ப் போய் வந்தது.

"எனக்கு ஜூலையிலயே தெரியும்," என்றாள். "விண்ணப்பம் திரும்பி வந்துடுச்சு. யாரோ கடைசி நேரத்துல மாத்திட்டாங்கன்னாங்க. யாருன்னு தெரியாம இருந்தது."

"இப்போ தெரிஞ்சிடுச்சு."

"ஆமா."

பள்ளிக்கூட வேலை போய்விட்டது என்று அவள் சொன்னாள், வானிலை சொல்கிற மாதிரி. விடுப்பு தீர்ந்துவிட்டதாம். கணவன் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறான். உள்ளே தொலைக்காட்சியில் ஒரு குழந்தை எதையோ பார்த்துச் சிரித்தது. மாரா தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தாள்.

"என்னைக் கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். எங்க ஸ்டேஷன்லயும் சின்னப் பசங்க இருக்காங்க. எழுதிக் கொடுத்திருப்பேன். ஒருவேளை அழுதுட்டுக் கொடுத்திருப்பேன்." அவள் அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "ஆனா என்னைக் கேக்கலையே, பெரியவரே."

மன்னிப்புக் கேட்டார். அவள் அதை வாங்கிக்கொண்ட மாதிரியும் இல்லை, திருப்பிக் கொடுத்த மாதிரியும் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா, கோரியிடம் பேசட்டுமா, திருத்தம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். "பேசுங்க," என்றாள். "நீங்க பேசினா அவங்க தலையைத் தூக்கிப் பார்க்குறாங்க. நான் பேசினா அழகாப் பேசினேன்னு சொல்றாங்க." பிறகு, வழியில் இருட்டுவதற்குள் கிளம்புங்கள் என்றாள். அவர் வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தார். அவள் அவர் உட்கார்ந்திருந்த படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினார். இரண்டாவது தடவை இறங்கவில்லை. சும்மா நிறுத்தி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை கோரியைக் கூப்பிட்டார். அவன் இப்போது வேறு ஓர் அலுவலகத்தில் இருந்தான். ஏற்கெனவே நோய்ப்பட்டவர்களுக்கு ஒரு திருத்தம் கொண்டுவரலாம்தான், ஆனால் யார் கொண்டுவருவார்கள் என்றான். "நான் வந்து பேசறேன்," என்றார் வென்டல். "மூணு நிமிஷம் போதும்." ஜனவரியில்தான் சட்டமன்றம் மறுபடி கூடும் என்றான் கோரி. அதுவரை வென்டல் இருப்பாரா என்று அவரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நீள மேசைகளில் காகித விரிப்பு. உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் சுருளும் தட்டுத் தட்டாக வந்தன. மாதா கோயில் பெண்கள் மாறி மாறி அவர் தட்டை நிரப்பினார்கள். அவர் அதை முள்கரண்டியால் இடம் மாற்றி மாற்றி வைத்தார். ரெனாட்டா எதிர் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை. ஒரு தடவை அவர் கண்ணைச் சந்தித்தபோது புருவத்தைத் தூக்கினாள். போய்ச் சொன்னாயா என்கிற கேள்வி. அவர் தலையசைத்தார்.

டுவேன் நாற்காலிமேல் ஏறி நின்றான். "எல்லாரும் கொஞ்சம் மெல்றதை நிறுத்துங்கப்பா! இந்த ஆளு எனக்குக் குழாய் பிடிக்கக் கத்துக் கொடுக்கலை, அது எனக்கே தெரியும்." சிரிப்பு. "ஆனா இந்த ஆளு தலைநகருக்குப் போய் அந்த நாற்காலிக்காரங்க முன்னால நின்னான். நமக்காக நின்னான். இப்போ நமக்குச் சட்டம் இருக்கு. இவனுக்கும் இருக்கு. இனிமே மருத்துவப் பில்லு வந்தா, வென்டல், நீ அதுல மூக்கைத் துடைச்சிப் போடலாம்!" கைதட்டினார்கள். டுவேனின் மூன்று மகள்களும் தள்ளுவண்டியில் கேக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் சிவப்புச் சர்க்கரையால் எழுதியிருந்தது: வென்டலின் சட்டம். கடைசி எழுத்து இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து இறங்கியிருந்தது.

"பேசு! பேசு!" என்று கத்தினார்கள்.

அவர் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை முகங்களும் அவர் எழுந்ததற்காகவே சந்தோஷமாக இருந்தன. வடக்கே ஒரு பெண் வெள்ளை வண்ணம் அடித்துக்கொண்டிருப்பதைச் சொல்லலாம் என்று நினைத்தார். சொல்லத்தான் வேண்டும் என்று அந்த நிமிடத்தில் முடிவே செய்துவிட்டார். "இது என் சட்டம் இல்லை," என்று ஆரம்பித்தார். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள். அது ஓயட்டும் என்று காத்திருந்தார். வாயைத் திறந்தார். கூரைமேல் சைரன் அடித்தது.

மூச்சு இழுக்கிற நேரம்கூட ஆகவில்லை. நாற்காலிகள் பின்னால் சரிந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் கூடத்துக் கதவு வழியாக வண்டிக் கொட்டகைக்குள் பாய்ந்தார்கள். டுவேன் வாயில் இருந்த பியரோகியை மென்றபடியே ஓடினான். பழக்கத்தில் வென்டலின் கால்களும் இரண்டடி வைத்தன. பிறகு நின்றன. பெரிய கதவுகள் உருண்டு மேலேறின, எஞ்சின் உறுமியது, ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. பொதுமக்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கத் தெருவுக்குப் போனார்கள். ரெனாட்டா ஆம்புலன்ஸில் ஏறிவிட்டிருந்தாள்.

சத்தம் மலையடிவாரத்தைச் சுற்றி மெலிந்து போனது. கூடத்தில் அவரும் கேக்கும்தான் மிச்சம். சுவரில் மாட்டிய வானொலிப் பெட்டி கரகரத்தது. ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பட்டறை. கறுப்புப் புகை தெரிகிறது என்றது டுவேனின் குரல். பெட்டியில் டுவேன் எப்போதும் சின்னப் பையன் மாதிரித்தான் ஒலிப்பான். "முகமூடி போடுடா," என்றார் வென்டல், பெட்டியைப் பார்த்து.

கொட்டகைக்குள் போனார். திறந்த கதவுகள் வழியாக மதிய வெயில் வெறும் சிமென்ட் தரையில் நீளமாகக் கிடந்தது. அங்கே முழுக்கச் செருப்புகளும் ஷூக்களும். பூட்ஸுக்குள் காலை விடுகிற அவசரத்தில் உதறிவிட்டுப் போனவை. விருந்துக்கென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒன்று வடிகால் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் ஜோடி பத்தடி தள்ளி. ஒரு பெண்ணின் தட்டையான சிவப்புச் செருப்பு. நாடா அவிழ்க்காமலே உருவப்பட்ட விளையாட்டு ஷூக்கள். சில இன்னும் உள்ளே சூடாக இருந்தன. அவர் மெதுவாகக் குனிந்து ஒன்றை எடுத்தார். அதன் ஜோடியைத் தேடினார். சுவரோரமாகக் கொண்டுபோய் வைத்தார், திரும்பி வருகிறவன் நின்றபடியே காலை நுழைக்கிற மாதிரி முனை வெளிப்பக்கம் பார்க்க. குனிந்து நிமிர்ந்ததில் அடிவயிறு வலித்தது. கொஞ்சம் நின்று, மறுபடியும் குனிந்தார்.

பதினொரு ஜோடிகள் ஆயின. வானொலிப் பெட்டி பக்கத்து அறையில் பேசிக்கொண்டேயிருந்தது. வரிசையின் கடைசியில், சுவரில் முதுகைச் சாய்த்து, அவர் தரையில் உட்கார்ந்தார். தன் ஷூக்களைக் கழற்றவில்லை. அவையும் மற்றவை மாதிரியே வெளிப்பக்கம் பார்த்திருந்தன. வெயில் முதல் ஜோடியைத் தொட்டு, அதன் உள்பக்கம் வரை இறங்கியிருந்தது.